இளஞ்சிவப்பு அட்டை

எங்கள் கடையில் முட்டைத் தட்டுகளுக்கு மேலே ஓர் இளஞ்சிவப்பு அட்டை மூன்றரை ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. விலைக்கட்டுப்பாட்டில் இருக்கும் பொருளுக்கு இளஞ்சிவப்பு அட்டையில்தான் விலை எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. 'ஏ கிரேட் 45 காசு, பி 43, சி 41' என்று அப்பா தடித்த மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தார். அப்பாவின் கையெழுத்து அழகானது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கற்றது. பண்டிகைக்குப் பண்டிகை கடை வாசலில் எழுதிவைக்கும் வாழ்த்துக்காகவே சிலர் நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஏன் என்பதை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

கிள்ளானில் ஒரு தாமானில் 1991ஆம் ஆண்டிலிருந்து மளிகைக்கடை நடத்துகிறார் அப்பா. அரிசி, பருப்பு, வெங்காயம், சாம்பிராணி, பூஜை எண்ணெய், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் இரண்டு வந்த பிறகும் கடை நிற்கிறது என்றால் அதற்கு மூன்று காரணங்கள்: கடன் புத்தகம், காலை ஆறு மணிக்கே திறக்கும் கதவு, முட்டை. ஆமாம், முட்டைதான். முட்டைக்கு வருபவர் வெங்காயமும் வாங்கிக்கொண்டு போவார். முட்டையில் அப்பாவுக்குக் கிடைப்பது ஒன்றுக்கு இரண்டு காசு. உடைந்தது, கீறல் விட்டது போக அதுவும் மிஞ்சாத நாள் உண்டு. ஆனால் முட்டை இல்லாத மளிகைக்கடைக்கு யார் வருவார்கள்?

2022 பிப்ரவரியில் அரசாங்கம் கோழிக்கும் முட்டைக்கும் உச்ச விலை நிர்ணயித்தது. பண்ணையாளருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட முட்டைக்கு இவ்வளவு என்று மானியம். அது பின்னர் ஒரு முட்டைக்கு 10 காசு வரை போனது. அதே மாதக் கடைசியில் உக்ரேனில் போர் வெடித்தது. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு சோளமும் சோயாப் புண்ணாக்கும். இரண்டையும் நாம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். உலகச் சந்தையில் சோளம் ஏறியது, ரிங்கிட் இறங்கியது. எங்கள் கடை அட்டையில் மட்டும் 45 காசு அப்படியே நின்றது.

நவம்பர் வாக்கில் முட்டை காணாமல் போயிற்று. வாரத்திற்கு அறுபது தட்டு இறக்கும் லோரிக்காரர் பதினைந்து தட்டோடு வந்தார். அதற்கும் நிபந்தனை உண்டு. சாதாரண முட்டை பத்துத் தட்டு வேண்டுமென்றால் ஓமேகா முட்டை இருபது பெட்டி எடுக்க வேண்டும். விலைக்கட்டுப்பாடு ஏ, பி, சி கிரேட் முட்டைகளுக்கு மட்டும்தான். ஓமேகா, செலினியம், 'ஸ்பெஷல்' என்று பெட்டியில் பெயர் போட்டு வருவதற்கு உச்ச விலை கிடையாது. அந்த மாதங்களில் எந்தக் கடையிலும் சாதாரண முட்டை இருந்த இடம் காலி, விலை கூடிய முட்டை மட்டும் அடுக்கடுக்காக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். கோழிகள் எல்லாம் திடீரென்று பணக்காரக் கோழிகள் ஆகிவிட்டன என்று அம்மா சொன்னார்.

அடுத்த வாரம் இன்னொரு நிபந்தனை. ரசீதில் ஏ கிரேட் 43 காசு. கையில் தனியாக, ரசீது இல்லாமல், முட்டைக்கு மூன்று காசு. ஆக அப்பா வாங்கியதே 46 காசுக்கு. அட்டையில் இருப்பதோ 45.

நான்கு நாள் அப்பா முட்டைக்கு ஒரு காசு நட்டத்தில் விற்றார். ஐந்தாம் நாள் அட்டையைத் தொடாமல், கேட்டவர்களிடம் "48 காசு, வேணும்னா எடுத்துக்கங்க" என்றார். பெரும்பாலோர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். தாமான் முனையில் நாசி லெமாக் விற்கும் காக் மட்டும் தயங்கினார். தினமும் ஐந்து தட்டு பி கிரேட் வாங்குபவர் அவர். அப்பாவை 'அன்னே' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மட்டும் அப்பா பழைய விலையிலேயே கொடுத்தார்.

மூன்றாவது நாள் இரண்டு அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள். யாரோ புகார் செய்திருக்கிறார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "பாக் சிக், அட்டையில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை இருக்கிறதே" என்று கேட்டார் இளையவர். அப்பா மூன்று காசு கதையைச் சொன்னார். ரசீது கேட்டார்கள். ரசீதில் 43 காசு என்று தெளிவாக இருந்தது. அதற்கு மேல் அப்பா என்ன சொல்ல முடியும்? விலைக்கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு சிறை என்று இருக்கிறது. அப்பாவுக்கு அவ்வளவு இல்லை, முதல் தடவை என்பதால் சில நூறு வெள்ளி சம்மன். அந்த நேரம் கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். அதில் இருவர் கோயில் நிர்வாகத்தில் அப்பாவோடு இருப்பவர்கள்.

அன்று இரவு தொலைபேசியில் அம்மாதான் சொன்னார். அப்பா சம்மனைக் கல்லாவுக்கு மேலே இருக்கும் முருகன் படத்திற்குப் பின்னால் செருகி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். "முப்பத்தோரு வருஷம், ஒருத்தன் வந்து நீ கூட வச்சு வித்தேன்னு சொன்னதில்ல. அதச் சொல்லிச் சொல்லி மருகுறாரு" என்றார். நான் ஈப்போவில் என் வாடகை அறையில் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க முடியவில்லை.

நான் அப்போது ஒரு முட்டை மொத்த வியாபாரியிடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அப்பாவின் கடைக்குப் போடுபவர்கள் வேறு ஆட்கள். ஆனால் வியாபாரம் ஒன்றுதான். மாலை ஆறு மணிக்கு எங்கள் லோரி டிரைவர்கள் இரண்டு உறை கொண்டுவருவார்கள். ஒன்றில் ரசீதும் அதற்குரிய பணமும். இன்னொன்றில் வெறும் பணம். அந்த இரண்டாவது உறையை நான் தனி நோட்டில் 'போக்குவரத்து' என்று எழுதுவேன். கடை வாரியாக, தட்டு வாரியாக. மூன்று காசு என்றால் அது எந்த உறையில் வரும் பணம் என்று அம்மா சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் முதலாளியைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவரும் பண்ணையில் அப்படித்தான் வாங்கினார். பண்ணைக்காரருக்கு ரசீதில் ஒரு விலை, கையில் ஒரு விலை. பண்ணைக்காரரிடம் கேட்டால் அவர் தீவனக் கம்பெனியைக் கை காட்டுவார். மேலிருந்து கீழே வரை அந்த மூன்று காசு கை மாறிக்கொண்டே வந்து, கடைசியில் கண்ணாடிக் கதவும் இளஞ்சிவப்பு அட்டையும் உள்ள ஒரு மளிகைக்கடையில் வந்து நின்றது. அதிகாரிகள் கண்ணுக்குத் தெரிவதும் அந்த ஓர் இடம்தான்.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். ஆண்டுக்கு 40 கிலோ. நல்ல கோழி ஆண்டில் 300 முட்டை இடும். அப்படியானால் ஒரு முட்டைக்கு 134 கிராம் தீவனம். தீவனம் கிலோ 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் முட்டைக்குள் 27 காசு தீவனமாகவே போய்விடும். இதில் தடுப்பூசி, மின்சாரம், சம்பளம், தட்டு, லோரி எதுவும் சேரவில்லை. குஞ்சாக வாங்கி முட்டையிடத் தொடங்கும்வரை பதினெட்டு, இருபது வாரம் சும்மா தின்றதும் சேரவில்லை.

அந்த இருபது வாரத்தில்தான் தட்டுப்பாட்டின் ரகசியம் இருக்கிறது. கோழிக்கு ஒன்றரை வயதாகும்போது முட்டை குறையத் தொடங்கும். பண்ணைக்காரர் அதை விற்றுவிட்டுப் புதுக்குஞ்சு இறக்குவார். விலை கட்டாது, மானியம் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது என்றால் என்ன செய்வார்? குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடுவார். மானியம் தாமதமாக வருகிறது என்பது அந்த ஆண்டு பண்ணையாளர்கள் வெளிப்படையாகவே சொன்ன புகார். நாட்டில் அன்றே ஒன்றும் தெரியாது. ஐந்து மாதம் கழித்துத்தான் கடையில் தட்டு காலியாகும். அப்போது பதறிப்போய் விலையைக் கூட்டினாலும் முட்டை வர இன்னொரு ஐந்து மாதம் ஆகும். உத்தரவு போட்டால் அரிசி மூட்டை கிடங்கிலிருந்து வெளியே வரலாம். கோழியிடம் உத்தரவு எடுபடாது.

அந்த டிசம்பர் கடைசியில்தான் நாமக்கல் முட்டை வந்தது. ஜனவரியில் விவசாய அமைச்சர் மாட் சாபு நாமக்கல்லுக்கே நேரில் போய்ப் பண்ணையைப் பார்த்துவிட்டு வந்தார். அப்பாவுக்கும் யார் மூலமாகவோ நான்கு தட்டு கிடைத்தது. நாம் பழகியது பழுப்பு முட்டை. இது பளீர் வெள்ளை, அளவும் சின்னது. சீனப் பாட்டி ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து, "இது உப்பு முட்டையா?" என்று கேட்டாராம். அம்மாவுக்கோ ஒரே பெருமை. அவருடைய தாத்தா ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். "எங்க ஊரு முட்டை" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் அதையும் தராசில் வைத்து எடை பார்த்தார். 65 கிராமிலிருந்து 70க்குள் ஏ கிரேட், 60லிருந்து பி, 55லிருந்து சி. சம்மன் வாங்கிய பிறகு அவர் எடை பார்க்காமல் ஒரு தட்டையும் அலமாரியில் ஏற்றியதில்லை. சி முட்டையை பி தட்டில் கலந்து அனுப்புவதும் அந்தக் காலத்தில் சகஜமாகிவிட்டிருந்தது.

2024 மே மாதம் ஒரு கல்யாணத்திற்காக அம்மாவும் நானும் நாமக்கல் போனோம். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிறார். நாட்டுக்கோழி மாதிரி ஓடித்திரியும் என்று கற்பனை செய்துகொண்டு போனவளுக்கு, தரையிலிருந்து உயர்ந்த நீளமான கொட்டகைகளும் அடுக்கடுக்கான கம்பிக் கூண்டுகளும் அந்த வாடையும்தான் கிடைத்தன. எங்கள் பேராக் பண்ணைகளின் வாடை இதைவிட மோசம், அது வேறு விஷயம்.

அங்கே அரசாங்கம் உச்ச விலை வைப்பதில்லை. என்.இ.சி.சி. என்ற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுதான் விலை அறிவிக்கிறது. 1982இல் பண்ணையாளர்களே சேர்ந்து உருவாக்கியது. பி.வி. ராவ் முன்னின்று கட்டினார். அதற்கு முன் வியாபாரி சொன்னதுதான் விலை. இனி எங்கள் முட்டைக்கு நாங்களே விலை சொல்வோம் என்று கிளம்பிய அமைப்பு அது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் தங்கம் விலைக்குப் பக்கத்தில் நாமக்கல் முட்டை விலையும் வரும்.

"அப்படின்னா உங்களுக்குப் பிரச்சினை இல்லையே மாமா" என்றேன். மாமா சிரித்தார்.

"பேப்பர்ல வர்ற வெல ஒண்ணுங் கண்ணு, நம்ம கைக்கு வர்ற வெல ஒண்ணு. நடுவுல மைனஸ்னு ஒண்ணு இருக்குது."

மைனஸ் என்றால், அறிவித்த விலையிலிருந்து வியாபாரி பிடித்துக்கொள்ளும் தொகை. அறிவிப்பு விலைக்குச் சட்ட பலம் கிடையாது. முட்டை ஒரு வாரத்திற்கு மேல் கொட்டகையில் தங்கினால் நட்டம் பண்ணைக்காரருக்கு. ஆகவே லோரி வந்து நின்றதும், "இன்னைக்கு மைனஸ் இவ்வளவு" என்பார் வியாபாரி. வேண்டாம் என்றால் லோரி அடுத்த பண்ணைக்குப் போய்விடும். மைனஸே கூடாது, அறிவித்த விலைக்கே விற்க வேண்டும் என்று பண்ணையாளர்கள் கூடித் தீர்மானம் போடுவார்களாம். "தீர்மானம் போட்டு டீ குடிச்சுட்டு வெளிய வர்றதுக்குள்ள எவனாச்சும் ஒருத்தன் மைனசுக்குக் குடுத்துருப்பான். நானே குடுத்துருக்கறன், பொய் எதுக்கு?" என்றார் மாமா.

நான் சும்மா நின்றேன். எங்கள் ஊரில் விலை மேலே போகக்கூடாது என்று அட்டை மாட்டினோம், கைக்குக் கீழே மூன்று காசு கூடுதலாகப் போனது. இங்கே விலை கீழே வரக்கூடாது என்று அறிவிக்கிறார்கள், கைக்குக் கீழே காசு குறைந்து வருகிறது. மாமாவிடம் என் இரண்டாவது உறைக் கதையைச் சொன்னேன். வெளியில் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அங்க பிளஸ்ஸுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

விலைக்கட்டுப்பாடே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. காக்கின் நாசி லெமாக் பொட்டலத்தில் பாதி முட்டை வைப்பதா, முழு முட்டை வைப்பதா என்பது ஐந்து காசு வித்தியாசத்தில் முடிவாவதை நேரில் பார்த்தவள் நான். பள்ளிக்கு அதைத்தான் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் எங்கள் தாமானில் இருக்கிறார்கள். ஆனால் அதே மானியம் ஐந்து நட்சத்திர ஹோட்டலின் ஆம்லெட்டுக்கும் போயிற்று என்று அரசாங்கமே பின்னர் சொன்னதும் உண்மைதான். என் ஆதங்கம் வேறு. விலையைக் கட்டுப்படுத்தியவர்கள் கடைசிக் கண்ணியில் மட்டும் விளக்கடித்துப் பார்த்தார்கள். மேல் கண்ணிகளில் பார்க்க வேண்டியது இருந்தது. 2023 டிசம்பரில் மலேசியப் போட்டி ஆணையம், விலையைச் சேர்ந்து பேசி ஏற்றினார்கள் என்று ஐந்து தீவன நிறுவனங்களுக்கு மொத்தம் 41 கோடியே 55 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். அந்தச் செய்தி வந்த பத்திரிகையை அப்பா கடையில் மடித்து வைத்திருந்தார். வாழைப்பழம் சுற்றுவதற்கு அதை மட்டும் எடுக்கவில்லை.

நாமக்கல்லிலிருந்து திரும்பிய வாரம்தான் அப்பாவிடம் சொன்னேன். இரவு கடை அடைத்து, கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு உறை, தனி நோட்டு, 'போக்குவரத்து' என்ற சொல், அந்தச் சொல்லை எழுதியது என் கை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வேலையை 2023 நடுவிலேயே விட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். ஏன் விட்டேன் என்பது தெரியாது.

அப்பா காசு எண்ணுவதை நிறுத்தவில்லை. இருபது காசுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி முடித்தார். பிறகு, "உங்க கம்பெனி எந்தெந்தக் கடைக்குப் போட்டுச்சு?" என்று கேட்டார். தைப்பிங், சிம்மோர், சுங்கை சிப்புட் பக்கம் என்றேன்.

"அங்கயும் யாருக்காச்சும் சம்மன் வந்துச்சா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. நான் விசாரித்ததில்லை.

"கேட்டுப் பாத்திருக்கலாம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். இன்றுவரை நான் கேட்டுப் பார்க்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு அட்டை இரண்டு முறை மாறியது. 2024 ஜூனில் மூன்று காசு குறைத்தார்கள், ஏ கிரேட் 42. அப்பா வெள்ளை மை பூசி அதன் மேல் எழுதினார். 2025 மே முதல் தேதி மானியம் பாதியானது, பத்துக் காசிலிருந்து ஐந்து. அட்டையில் மறுபடியும் 45. அந்த வெள்ளை மைக்கு மேல் இன்னொரு வெள்ளை மை. ஆகஸ்ட் முதல் தேதியோடு மானியமும் இல்லை, உச்ச விலையும் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் லோரிக்காரர் இறக்கிய முட்டைக்கு முழு ரசீது கொடுத்தார். அவர் சொன்ன விலையும் பயந்த அளவுக்கு இல்லை, பழைய உச்ச விலைக்குக் கீழேதான் இருந்தது. அப்பா நாற்காலி போட்டு ஏறி அட்டையைக் கழற்றினார். புது வெள்ளை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மார்க்கர் மூடியைத் திறந்தவர், எழுதாமல் என்னைப் பார்த்தார்.

"என்ன வெல போடுறது?"

"நீங்கதாம்பா சொல்லணும். இனிமே உங்க விருப்பம்."

"அதான் கேக்குறேன்."

காக் வந்து நின்றார். மேலே பார்த்துவிட்டு, "அன்னே, பிங்க் அட்டை எங்கே?" என்றார். இனிமேல் அது வேண்டாமாம் என்றார் அப்பா. காக்கின் முகம் லேசாக மாறியது. "அப்படியென்றால் நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

நாளைக்கு எவ்வளவு என்று அப்பாவுக்கும் தெரியாது. இன்றைய விலையைச் சொல்லி ஐந்து தட்டைக் கட்டிக் கொடுத்தார். வெள்ளை அட்டையில் மார்க்கர் வேண்டாம் என்று பென்சிலால் விலை எழுதினார். பழைய இளஞ்சிவப்பு அட்டையைக் குப்பையில் போடுவார் என்று நினைத்தேன். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது. அதில் அடுத்த வாரத்து ஆர்டரை எழுதத் தொடங்கினார்: ஏ இருபது தட்டு, பி முப்பத்தைந்து, சி பத்து.